தசமபாகம் என்னும் மாத வரி

கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாம் சேர்ந்த சபைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவர் தேவனைக் கொள்ளையிட்டவர். அவர் வீட்டில் கடனும் நோயும் தங்கும். கொடுத்தவருக்கு வானத்தின் பலகணிகள் திறக்கும். தமிழ்ச் சபைகளில், குறிப்பாகச் சுயாதீன சபைகளில், இந்த அளவுக்கு அடிக்கடி ஒலிக்கும் போதனை வேறு அதிகம் இல்லை. மல்கியா மூன்றாம் அதிகாரம் இதற்கு நிரந்தர ஆதாரம். பி.எஃப். பிடித்தம் போக மிஞ்சும் சம்பளத்துக்கா, மொத்தச் சம்பளத்துக்கா, பணி ஓய்வில் வந்த பணிக்கொடைக்கும் உண்டா, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு அவன் அங்கே கொடுத்துவிட்டால் இங்கே மறுபடி கொடுக்க வேண்டுமா என்றெல்லாம் விசுவாசிகள் போதகரிடம் கேட்டுத் தெளிகிறார்கள். வருமான வரி அலுவலகத்தில் கேட்கும் கேள்விகளுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்தப் போதனை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. அப்போஸ்தலரின் நிருபங்களிலும் முதல் நூற்றாண்டுகளின் சபை வழக்கத்திலும் இல்லை. நிலமில்லாதவர் பசியாற வகுக்கப்பட்ட ஓர் ஏற்பாட்டைத் தலைகீழாகப் புரட்டி, நிலமில்லாதவரிடமே வசூலிக்கும் வரியாக அது மாற்றிவிட்டது.

சட்டத்தில் பத்தில் ஒன்று எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். லேவியராகமம் 27ஆம் அதிகாரம் நிலத்தின் விளைச்சலையும் மரத்தின் கனியையும் ஆடுமாடுகளையும் சொல்கிறது. பட்டி வாசலில் கோல் நீட்டப்படும். மந்தை ஒவ்வொன்றாக அதன்கீழ் கடந்து போகும். பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. அது கொழுத்ததா, நோஞ்சானா என்று பார்க்கக் கூடாது, வேறொன்றை மாற்றி நிறுத்தவும் கூடாது. எண்ணிக்கை பத்தைத் தொட்டால்தான் கடன். ஒன்பது ஆடு மட்டும் உள்ளவனின் பட்டியிலிருந்து எதுவும் போகாது.

அந்தக் காலத்தில் பணம் புழங்கவில்லை, அதனால்தான் தானியமும் ஆடும் கேட்கப்பட்டன, இன்று அதற்கு ஈடு சம்பளம் என்பது வழக்கமான பதில். இது பொருந்தாது. சாராளை அடக்கம் செய்ய ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கினார். எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் அரைச் சேக்கல் செலுத்த வேண்டும் என்று யாத்திராகமம் 30ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தானியத்துக்குப் பதில் பணமாகக் கட்ட விரும்புகிறவர் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்ட வேண்டும் என்று தசமபாகச் சட்டமே சொல்கிறது. ஆகப் பணத்தைச் சட்டம் நன்றாக அறிந்திருந்தது. அறிந்தும் கூலியில் பத்தில் ஒன்று கேட்கவில்லை. மீனவன், தச்சன், குயவன், அன்றாடக் கூலியாள் ஆகியோரின் உழைப்பு வருமானத்தின்மேல் தசமபாகம் விதிக்கும் வசனம் ஐந்தாகமங்களில் எங்கும் இல்லை. பின்னாளில் யூத ரபிமார் தொகுத்த மிஷ்னாவும் உணவாகவும், காவலுக்கு உரியதாகவும், மண்ணில் விளைவதாகவும் உள்ளதற்கே தசமபாகம் என்று வரையறுக்கிறது.

அது யாருக்குப் போனது? எண்ணாகமம் 18 லேவியருக்கு என்கிறது. அவர்களுக்குத் தேசத்தில் சுதந்தர நிலம் இல்லை என்ற காரணத்தையும் உடனே சொல்லிவிடுகிறது. உபாகமம் 14 வேறொரு காட்சியைக் காட்டுகிறது. விளைச்சலின் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஆலயம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். தூரம் அதிகமானால் விற்றுக் காசை முடிந்துகொண்டு போகலாம். அங்கே ஆடோ மாடோ திராட்சரசமோ மதுபானமோ மனம் விரும்பியதை வாங்கி, கர்த்தருடைய சந்நிதியில் உண்டு மகிழ வேண்டும். உள்ளூர் லேவியனை மறந்துவிடக் கூடாது. கொடுத்தவரே உட்கார்ந்து சாப்பிடும் தசமபாகம் இது. மதுபானம் என்ற சொல் இடையில் வருவதாலோ என்னவோ, தசமபாகப் பிரசங்கங்களில் இந்த வசனம் தலைகாட்டுவதே இல்லை. மூன்றாம் ஆண்டு வந்தால் பத்தில் ஒன்று ஊர்வாசலிலேயே சேர்த்து வைக்கப்படும். லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் வந்து புசித்துத் திருப்தியாவார்கள்.

இவற்றை ரபிமார் முதல் தசமபாகம், இரண்டாம் தசமபாகம், ஏழைகளின் தசமபாகம் என்று பிரித்து, ஏழாண்டுச் சுற்றில் பொருத்தினர். அந்தக் கணக்கின்படி ஆறு ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு தசமபாகங்கள் போகும். நிலம் தரிசாகக் கிடக்கும் ஏழாம் ஆண்டில் ஒன்றும் இல்லை. மாதா மாதம், வாழ்நாள் முழுதும், பத்து விழுக்காடு, ரொக்கமாக, ஒரே சபையின் கணக்கில் என்ற இன்றைய சூத்திரத்தின் எந்தக் கூறும் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வதாகச் சொல்பவர் அதைக் கைக்கொள்ளவும் இல்லை.

லேவியரின் இடத்தில் இன்று போதகர் நிற்கிறார் என்ற வாதமும் உண்டு. லேவியருக்கு அந்த உரிமை வந்ததே நிலம் மறுக்கப்பட்டதால். ஊருக்கு வெளியே நான்கு மனை வாங்கிப் போட்டிருப்பவர் தம்மை லேவியர் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. லேவியரும் தாம் பெற்றதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்கக் கட்டளை பெற்றவர்களே. வாங்குகிறவரோடு கணக்கு முடிந்துவிடவில்லை.

இனி மல்கியா. எருசலேமின் ஆலயம் மறுபடி கட்டப்பட்ட பிறகு, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் சூழலில் பிறந்த தீர்க்கதரிசனம் அது. நெகேமியா 13ஆம் அதிகாரம் ஏறக்குறைய அதே சூழலை அருகிலிருந்து காட்டுகிறது. லேவியருக்குப் பங்கு போய்ச் சேரவில்லை. அவர்கள் ஆலயப் பணியை விட்டுவிட்டுத் தத்தம் வயலுக்கு ஓடிவிட்டார்கள். தானியமும் தசமபாகமும் வைக்க வேண்டிய பெரிய அறையை ஆசாரியனாகிய எலியாசிப் தன் உறவினனான தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான். திரும்பி வந்த நெகேமியா தொபியாவின் வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே எறிந்து, அறையைச் சுத்திகரித்து, தானியத்தை மறுபடி சேர்த்தார். பிறகு, உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்த சிலரைப் பண்டகசாலைக்குப் பொறுப்பாக வைத்தார். சகோதரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை. பண்டகசாலை என்பது இதுதான்: மதிலும் கதவும் உள்ள ஒரு தானியக் கிடங்கு, அதிலிருந்து சாப்பிடக் காத்திருக்கும் மனிதர்கள், பொறுப்பாளர்களின் பெயர்ப் பட்டியல். ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடமோ போதகரின் வங்கிக் கணக்கோ பண்டகசாலை என்று மல்கியா சொல்லவில்லை.

வாக்குத்தத்தமும் அந்த மண்ணுக்குரியதே. பலகணிகள் திறந்தால் வருவது மழை. கண்டிக்கப்படுவது பயிரைத் தின்னும் பூச்சி. தப்பிப் பிழைப்பது திராட்சத் தோட்டம். கீழ்ப்படிந்தால் மழை, மீறினால் பஞ்சம் என்று உபாகமம் 28 இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கையின் மொழி அது. அதிலுள்ள சாபத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தென்காசியில் பீடி சுற்றும் பெண்ணின் தலையில் வைப்பதற்கு முன், நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து மீட்டுக்கொண்டார் என்ற கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்துக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அதற்கும் மேலாக ஒன்று: மல்கியாவில் கொள்ளையிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டு வருவது மூன்றாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில். ஐந்தாம் வசனத்தில் கர்த்தர் வேறொரு பட்டியல் வாசிக்கிறார். கூலிக்காரனின் கூலியைப் பிடிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசியின் நியாயத்தைப் புரட்டுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். எட்டாம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் சபைகளில் ஐந்தாம் வசனம் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டத்துக்கு முன்பே ஆபிரகாம் தசமபாகம் கொடுத்தார், ஆகவே சட்டம் ஒழிந்தாலும் அது ஒழியாது என்பது அடுத்த அரண். ஆதியாகமம் 14ஐ வாசித்தால், ஆபிராம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது போரில் மீட்டு வந்த பொருளில். எபிரெயர் நிருபமும் கொள்ளைப் பொருள் என்றே சொல்கிறது. மீதியில் ஒரு நூலையோ பாதரட்சையின் வாரையோகூடத் தமக்கென எடுக்காமல் சோதோமின் ராஜாவிடம் விட்டுவிட்டார். அவருடைய சொந்த மந்தையிலிருந்து ஆண்டுதோறும் பத்தில் ஒன்று போனதாக எந்தக் குறிப்பும் இல்லை. யாக்கோபு பெத்தேலில் சொன்னது ஒரு பொருத்தனை. தேவன் காத்து, ஆகாரமும் வஸ்திரமும் தந்து, சுகமாகத் திரும்பி வரச் செய்தால் என்ற நிபந்தனையோடு வருவது. முதலில் கொடு, பிறகு ஆசீர்வாதம் என்று கற்பிக்கிறவர்களுக்கு யாக்கோபு சரியான சாட்சி அல்ல. சட்டத்துக்கு முந்தியது எல்லாம் என்றைக்கும் கட்டுப்படுத்தும் என்றால் விருத்தசேதனமும் கட்டுப்படுத்த வேண்டும். அது ஆபிரகாமுக்கு அடையாளமாக, தலைமுறை தலைமுறைக்கும் கொடுக்கப்பட்டது. பவுல் அதை எதிர்த்துத்தான் கலாத்தியர் நிருபத்தையே எழுதினார்.

இயேசு ஆமோதித்தாரே என்று மத்தேயு 23:23ஐக் காட்டுவார்கள். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்ட வேதபாரகரையும் பரிசேயரையும் அவர் கண்டிக்கும் இடம் அது. இதையும் செய்ய வேண்டும், அதையும் விடலாகாது என்று அவர் சொன்னது உண்மை. ஆலயம் நின்றிருந்த காலத்தில், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்ட யூதரிடம் சொன்னார். அதே மத்தேயுவில் எட்டாம் அதிகாரத்தில், குணமான குஷ்டரோகியிடம் ஆசாரியனிடம் போய் மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்கிறார். தோல் நோய் குணமான விசுவாசி எவரையும் இன்று யாரும் பலி செலுத்த அனுப்புவதில்லை. ஒரே சூழலில் பிறந்த இரண்டு கட்டளைகளில் ஒன்றை மட்டும் காலத்தைத் தாண்டிக் கொண்டுவர என்ன முறை இருக்கிறது என்பதைத் தசமபாகவாதிகள் இதுவரை சொன்னதில்லை. வெந்தயத்தையும் சீரகத்தையும் எண்ணியவர்கள் அந்த வசனத்தில் பாராட்டுப் பெறவில்லை என்பது வேறு விஷயம்.

எபிரெயர் ஏழாம் அதிகாரத்தின் கதை இன்னும் விநோதமானது. லேவிய ஆசாரியத்துவத்தைவிட மெல்கிசேதேக்கின் முறைமை மேலானது என்று நிறுவ, ஆபிரகாம் தசமபாகம் கொடுத்த நிகழ்ச்சியை அந்த ஆசிரியர் பயன்படுத்துகிறார். ஆசாரியத்துவம் மாறினால் நியாயப்பிரமாணமும் மாற வேண்டும் என்று 12ஆம் வசனத்திலும், முந்தின கட்டளை மாற்றப்பட்டது என்று 18ஆம் வசனத்திலும் முடிக்கிறார். பழைய ஏற்பாடு முடிந்தது என்று காட்டும் அதிகாரத்தையே பழைய வரி தொடர்கிறது என்பதற்குச் சான்றாக நீட்டுகிறார்கள்.

அப்போஸ்தலரின் மௌனத்தையும் கவனிக்க வேண்டும். புறஜாதி விசுவாசிகள்மேல் எதைச் சுமத்துவது என்று எருசலேமில் கூடி விவாதித்த அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் நான்கு காரியங்கள் சொல்லப்படுகின்றன. தசமபாகம் அவற்றில் இல்லை. 1 கொரிந்தியர் 9இல் ஊழியரின் பிழைப்பைப் பற்றிப் பவுல் நீண்ட வாதம் செய்கிறார். போர்வீரன், திராட்சத் தோட்டக்காரன், மேய்ப்பன், போரடிக்கிற மாடு, ஆலயத்தில் பணிசெய்து ஆலயத்துக்குரியதைப் புசிக்கிறவர்கள் என்று உதாரணங்களை அடுக்குகிறார். தசமபாகம் சபையின் சட்டமாக இருந்திருந்தால் அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அவர் சொல்லவில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தால் பிழைக்க உரிமை உண்டு என்று நிறுவுகிறார். நிறுவிய கையோடு தாம் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்கிறார்.

பவுல் கற்பித்த கொடையின் அளவுகோல் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் விரிவாக உள்ளது. தனக்கு இல்லாததற்கு ஏற்ப அல்ல, இருக்கிறதற்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். கட்டாயமாக அல்ல, மனதில் தீர்மானித்தபடி. ஒருவருக்கு நெருக்கமும் மற்றவருக்குச் சுகமும் ஆகாதபடி, சமநிலை உண்டாக. இந்தச் சமநிலை என்ற எண்ணத்தைப் பத்து விழுக்காட்டுச் சட்டம் உடைத்துவிடுகிறது. மாதம் 6,000 ரூபாய் ஈட்டும் பெண் 600 ரூபாய் கொடுத்தால் அவள் வீட்டில் அரிசி, பருப்பு குறையும். ஒன்றரை லட்சம் வாங்குகிறவர் 15,000 கொடுத்த பின்னும் அவரிடம் 1,35,000 இருக்கும். அவர் சமையலறையில் எதுவும் குறையாது. விழுக்காடு ஒன்றுதான், சுமை ஒன்றல்ல. மோசேயின் சட்டத்தில் முதலாமவள் பெறும் வரிசையில் நின்றிருப்பாள். இன்றைய போதனை அவளைக் கொடுக்கும் வரிசையில் முதலில் நிறுத்துகிறது. பணக்காரருக்கோ இது சலுகை. பத்தைக் கட்டிவிட்டால் மீதித் தொண்ணூறும் தமக்கே என்ற நிம்மதி கிடைக்கிறது. சகேயு பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றபோது, பத்தில் ஒன்று போதும் என்று யாரும் அவனைத் தடுக்கவில்லை.

இரண்டு காசு போட்ட விதவையைச் சுட்டிக்காட்டி ஏழைகளும் கொடுக்கத்தானே வேண்டும் என்பவர்கள், மாற்கு 12இல் அந்தக் காட்சிக்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசிப்பது நல்லது. விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைப் பற்றி எச்சரித்த மறுகணமே இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அவள் போட்டது பத்தில் ஒன்றும் அல்ல, பிழைப்புக்கு இருந்த எல்லாம்.

முதல் நூற்றாண்டுகளின் சாட்சியமும் இதே திசையில்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின், வசதியுள்ளவர்கள் விருப்பப்பட்டு, தங்களுக்குத் தோன்றிய அளவு கொடுத்தார்கள் என்றும், அது அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்குச் செலவானது என்றும் விவரிக்கிறார். அந்த நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், மாதம் ஒருமுறை மனமும் வசதியும் இருந்தால் மட்டும் போடும் காணிக்கை, யாருக்கும் கட்டாயமில்லை என்று பதிவுசெய்கிறார். பின்வந்த சபைப் பிதாக்கள் சிலர் தசமபாகத்தை வலியுறுத்தியது மெய்யே. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிசோஸ்தோம், இன்னார் தசமபாகம் கொடுக்கிறாராம் என்று ஒருவர் வியந்து பேசியதைச் சொல்லிக் கடிந்துகொள்கிறார். யூதரிடையே சாதாரணமாக இருந்தது கிறிஸ்தவரிடையே அதிசயமாகிவிட்டதே என்பது அவர் வருத்தம். அதிசயமாக இருந்தது என்பதே, அது பொது வழக்கமாக இருக்கவில்லை என்பதற்குச் சான்று. அவர் கேட்டதும் ஏழைகளுக்காக.

கட்டாயம் வந்தது பின்னால், அரசின் கைப்பிடித்து. 585இல் இன்றைய பிரான்சின் மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கம், கொடுக்காதவரைச் சபைக்குப் புறம்பாக்குவதாக அறிவித்தது. 779இல் பிராங்கிய அரசர் சார்லமேன் தம் ஆட்சிப்பரப்பில் தசமபாகத்தை அரச கட்டளையாக்கினார். அதன்பின் ஆயிரம் ஆண்டுகள் ஐரோப்பிய விவசாயியின் களத்தில் அது வரியாகவே இருந்தது. பிரான்சில் 1789இல் புரட்சி அதை ஒழித்தது. அயர்லாந்தில் கத்தோலிக்க உழவர்கள் தாங்கள் சேராத ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் கட்ட மறுத்து 1830களில் போராடினர். காவல் படை கால்நடைகளை ஜப்தி செய்யப் போய் உயிர்கள் விழுந்தன. 1836இல் இங்கிலாந்து பொருளாகப் பெறுவதைப் பணமாக மாற்றிச் சட்டம் இயற்றியது. அரசு விலகிய பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சபைகள் நிதி தேடியபோது உக்கிராணத்துவம் என்ற பெயரில் சம்பளத்தில் பத்தில் ஒன்று மறுபடி பிரசங்க மேடைக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் செழிப்புச் சுவிசேஷம் அதோடு விதைப்பு, அறுவடை, நூறுமடங்கு என்ற பேரத்தைச் சேர்த்தது. பழைய உபதேசம் என்று சொல்லப்படுவதன் உண்மையான வயது இவ்வளவுதான்.

கொடுத்தேன், பெற்றேன் என்ற சாட்சிகள் ஏராளம் உண்டே என்பது சாதாரண விசுவாசியை அசைக்கும் வாதம். கொடுத்தும் வேலை போனவர், கொடுத்தும் பிள்ளையை இழந்தவர் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். சாட்சி வேளையில் மைக் அவர்கள் கைக்கு வருவதில்லை. வந்தாலும், விசுவாசம் குறைந்துபோயிற்று என்ற விளக்கம் தயாராக இருக்கும். எந்த விளைவு வந்தாலும் பொய்யாக முடியாத ஒரு வாக்கு எதையும் நிரூபிப்பதில்லை.

தசமபாகம் இல்லாவிட்டால் சபை எப்படி நடக்கும், போதகர் குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்பதே மிஞ்சும் கேள்வி, அது நியாயமானதும்கூட. முழுநேர ஊழியத்தில் பசியோடு இருக்கும் கிராமப் போதகர்கள் பலர். உபதேசிக்கிறவருக்குச் சகல நன்மைகளிலும் பகிர்ந்து கொடுக்கும்படி கலாத்தியர் 6:6 சொல்கிறது. நன்றாய் விசாரிக்கிற மூப்பரைப் பற்றி, வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது. கடமை இருக்கிறது; விழுக்காடு இல்லை. தென்தமிழகச் சபைகள் விழுக்காடு பார்க்காத கொடையை நன்கறியும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் ஒதுக்கும் வழக்கமும், அறுப்பின் பண்டிகையில் முதல் பூசணிக்காயும் நாட்டுக்கோழியும் ஏலத்தில் பல மடங்கு விலைக்குப் போவதும் யாரையும் சாபம் காட்டி மிரட்டிப் பெற்றவை அல்ல. ஒருவர் தாமாக விரும்பிப் பத்தில் ஒன்றை ஒழுங்காக ஒதுக்கிவைத்தால், அது நல்ல பழக்கம். மறுப்பு அதற்கு அல்ல. மறுப்பு, அதைப் பிறர்மேல் சட்டமாகவும் சாபமாகவும் ஏற்றுவதற்கு.

தசமபாகம் போதகருக்கே உரியது, கணக்குக் கேட்பது அபிஷேகம் பெற்றவரைத் தொடுவதற்குச் சமம் என்ற கிளை உபதேசத்துக்கு யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதிவைத்த ஒரு செய்தி போதும். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுவில் எருசலேமின் பிரதான ஆசாரியர்கள் தங்கள் வேலையாட்களைக் களத்துமேட்டுக்கே அனுப்பித் தசமபாகத்தை வன்முறையாக அள்ளினர். அதை நம்பியிருந்த ஏழை ஆசாரியர்கள் பட்டினியால் மாண்டனர். கேட்பாரற்ற கிடங்கு அந்தச் சட்டத்தின் கீழேயே அப்படித்தான் முடிந்தது. எருசலேமின் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோனபோது பவுல் தாம் மட்டும் அதைத் தொடவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த வேறொரு சகோதரனையும் அனுப்பினார். இந்தப் பெருந்தொகையைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கவே அப்படிச் செய்வதாக 2 கொரிந்தியர் 8இல் காரணமும் எழுதினார். அப்போஸ்தலனே கணக்குக்கு ஆள் வைத்துக்கொண்டார் என்னும்போது, வரவு செலவு அறிக்கை கேட்கும் விசுவாசியைக் கலகக்காரர் என்று சொல்ல எந்தச் சபைப் போதகருக்கும் அதிகாரம் இல்லை.